மும்பையில் சிதறிக் கிடக்கும் ஒரு தீவு

நவம்பர் 20, வியாழன் – மாட்டுங்கா, மியூசியம் கீழ்த்தளம்

மும்பைக்கு வரும் நம் ஆட்களில் பாதிப் பேர் கேட்வே ஆஃப் இந்தியாவில் இறங்கியதும் எலிஃபென்டா தீவுக்குப் படகேறிவிடுவார்கள். குகைக்குள் கால் மணி நேரம் நின்று, படம் பிடித்து, வெயில் தாங்காமல் திரும்பிவிடுவார்கள். அந்தச் சிற்பங்களை உண்மையிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் முதலில் காலா கோடாவிலுள்ள சிவாஜி மகாராஜ் மியூசியம், அடுத்து தீவு, பிறகு நகருக்குள்ளேயே பைகுல்லா, பரேல் என்று போக வேண்டும். தீவின் உடைந்த மகிஷாசுரமர்த்தினி மியூசியத்தில் இருக்கிறாள். தீவுக்கு ‘எலிஃபென்டா’ என்று பெயர் வரக் காரணமான கல் யானை பைகுல்லாவில் நிற்கிறது. ஏறத்தாழ அதே காலத்துச் சிவன் ஒருவர் பரேலில் பூஜையில் இருக்கிறார். தீவுக்குத் திங்கள் விடுமுறை, யானை நிற்கும் பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சிச் சாலைக்குப் புதன் விடுமுறை. அதனால் வியாழனில் தொடங்கி ஞாயிறில் முடிப்பது தோதானது.

தங்குவதற்கு மாட்டுங்காதான். கார்த்திகை பிறந்துவிட்டதால் காலை ஆறு மணிக்கே கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக சாமிகள் நடமாட்டம். பூக்கடைக்காரர் முன்னால் நின்றவரிடம் மராத்தியில் விலை சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பின்னால் நின்ற மாமியிடம், “மல்லி வரத்து கம்மி மாமி, கதம்பம் எடுத்துக்கோங்கோ” என்றார். குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஃபேனைக் குறைத்து வைக்கலாம். பதினொரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறிவிடும்.

இங்கே ஆட்டோ கிடையாது. சயான், பாந்த்ராவுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான், குறைந்த கட்டணம் 31 ரூபாய். மியூசியம் பத்தேகாலுக்குத்தான் திறக்கிறது. அதனால் அலுவலகக் கூட்டம் வடியும் வரை காத்திருந்து, பத்தரை வாக்கில் ஸ்லோ லோக்கல் பிடித்து சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் போனால் மூச்சு விட இடம் இருக்கும். அங்கிருந்து ஹுதாத்மா சௌக், காலா கோடா வழியாக நடந்தால் இருபது நிமிடம். புதிய நிலத்தடி மெட்ரோவில் வருபவர்கள் ஹுதாத்மா சௌக்கில் இறங்கினால் பத்து நிமிட நடை. சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற முழுப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘மியூசியம்’ என்றால் டாக்ஸிக்காரருக்கும் தெரியும், பஸ் நடத்துநருக்கும் தெரியும்.

உள்ளே போகும் முன் புல்வெளியில் நின்று கட்டடத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். கேட்வேயை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் இதையும் வடிவமைத்தார். 1905-இல் அடிக்கல் நாட்டி, 1914-இல் கட்டி முடித்தார்கள். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு, 1922 ஜனவரியில்தான் மியூசியமாகத் திறந்தது. கட்டடத்தில் பிஜாப்பூரின் கோல் கும்பஸ் சாயல் உண்டு. சுவரில் இரண்டு நிறக் கல் தெரியும். கருநீலம் குர்லா கல், மஞ்சள் மலாட் கல். இன்று லோக்கல் ரயிலில் பெயர் மட்டும் கேட்டுக் கடந்துபோகிற ஊர்கள் அன்று கல் குவாரிகள்.

கீழ்த்தளச் சிற்பக் காலரியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சரித்திரச் செய்தி போதும். பழைய பம்பாய் மாகாணம் சிந்து முதல் தார்வாட் வரை நீண்டிருந்தது. சிந்து 1936-இல்தான் பிரிந்தது. அதனால்தான் இன்றைய பாகிஸ்தானின் மீர்பூர் காஸ் ஸ்தூபியிலிருந்து எடுத்த சுடுமண் புத்தரும், இன்றைய கர்நாடகத்தின் ஐஹொளெயிலிருந்து வந்த கூரைப் பலகைகளும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. ஐஹொளெயின் ஹுச்சப்பய்யா கோயிலில் பிரம்மா, பாம்பணை விஷ்ணு, சிவபார்வதி என்ற மூன்று பலகைகளும் தலைக்கு மேல் இருந்தவை. கோயிலில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதை இங்கே அருகில் நின்று பார்க்கலாம். சிற்பி கீழிருந்து பார்ப்பவனுக்காகச் செதுக்கியிருக்கிறான் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

மீர்பூர் காஸில் தவறவிடக் கூடாதது, தாமரையைக் கையில் பிடித்து நிற்கும் ஓர் ஆணின் சுடுமண் உருவம். சுருள் முடி தோளில் புரள்கிறது, இடுப்பு சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லில் ஒரு தப்பு நேர்ந்தால் முழுக் கல்லும் போயிற்று. களிமண் அப்படி இல்லை, விரலால் அழுத்தித் திருத்தலாம். அந்த மென்மை கன்னத்திலும் வயிற்றிலும் தெரியும். இன்றைய ஈராக்கிலுள்ள நிம்ரூத் அரண்மனையின் அசீரியப் பலகைகளும் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கின்றன. நேரம் இருப்பவர்கள் அதையும் பார்க்கலாம்.

கடைசியாக எலிஃபென்டாவின் மகிஷாசுரமர்த்தினி. மாமல்லபுரத்தில் சிங்கத்தின் மேல் வில் வளைத்து வரும் துர்க்கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவள் அந்நியமாகத் தெரிவாள். உடைந்த உடல்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவசரப்படாமல் பாருங்கள். ஆடையின் மடிப்பு எங்கே முடிந்து தசை எங்கே தொடங்குகிறது, இடுப்புப் பட்டை சதையை எவ்வளவு அழுத்துகிறது என்று கவனித்து வைத்துக்கொண்டால் தீவின் இருட்டில் அது கைகொடுக்கும். தீவில் இதே சிற்பிகளின் வேலை பதினைந்து அடி உயரத்தில், அரை வெளிச்சத்தில் இருக்கும். இவ்வளவு பக்கத்தில் அங்கே எதுவும் கிடைக்காது.

நவம்பர் 21, வெள்ளி – கரபுரி

உள்ளூர்க்காரர்களுக்கு அது கரபுரி. எலிஃபென்டா போர்த்துகீசியர் வைத்த பெயர். முதல் படகு ஒன்பது மணிக்கு. அதையே பிடியுங்கள். பதினொரு மணிப் படகில் போனால் குகைக்குள் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் நிறைந்திருக்கும். போகவர 260 ரூபாய், மேல்தட்டில் உட்கார கூடுதலாகப் பத்து ரூபாய் படகிலேயே வாங்குகிறார்கள். 2024 டிசம்பர் படகு விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்டிப்பு. வியர்வை நாற்றம் என்று மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படகுப் பையன் இந்தியில், “சாச்சா, நீங்கள் போடாமல் படகு கிளம்பாது” என்று கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். அவர் போட்ட பிறகுதான் நகர்ந்தான்.

ஒரு மணி நேரப் பயணம். கடற்படைக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் ஜவஹர் தீவு, வடக்கே மூட்டத்தில் கோடாகத் தெரியும் அடல் சேது கடற்பாலம். குளிர்காலத்துக்கு வந்த கடற்காகங்கள் படகைத் துரத்திக்கொண்டே வரும். மஞ்சள் பாக்கெட் நொறுக்குத்தீனியை வாங்கி அவற்றுக்கு வீசுகிறார்கள். பறவைக்கு உப்பும் எண்ணெயும் கெடுதல், வாங்காமல் இருப்பது நல்லது.

இறங்கும்போது எச்சரிக்கை தேவை. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். உங்கள் படகு மூன்றாவதாக நின்றால் இரண்டு படகுகளைத் தாண்டித்தான் கரையேற முடியும். அலைக்கு இரண்டு விளிம்புகளும் ஏறி இறங்கும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடியில் கால் வைக்க வேண்டும். புடவை கட்டியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் கூச்சப்படாமல் படகுப் பையனின் முன்கையைப் பிடித்துக்கொள்ளலாம். விரலைப் பிடித்தால் நழுவும்.

ஜெட்டியிலிருந்து படி தொடங்கும் இடம் வரை ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, நடந்தாலும் பத்து நிமிடம்தான். பிறகு 120 படிகள். இருபுறமும் கடைகளின் தார்ப்பாய் நிழல் தருகிறது. ஏற முடியாதவர்களுக்கு நாற்காலி கட்டிய டோலி உண்டு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்துப் பேசிவிட்டு உட்காருங்கள். மேலே இந்தியருக்கு நுழைவுச்சீட்டு 40 ரூபாய். வெள்ளரிக்காய், கொய்யா, பாட்டில் எதையும் கையில் தொங்கவிடக் கூடாது. குரங்குகள் பையின் ஜிப்பைக் கூட விடுவதில்லை. ஒரு சிறுமியின் மாங்காய்த் துண்டைப் பறித்த குரங்கு மிளகாய்ப்பொடி தடவிய பக்கத்தைக் கல்லில் தேய்த்துவிட்டுத் தின்றது. தீவில் இரவு தங்க முடியாது. 2018-இல்தான் கடலடிக் கேபிள் வழியாக இந்த ஊருக்கு முறையான மின்சாரமே வந்தது.

முதல் குகைக்குள் நுழைந்ததும் நேரே மூன்று முக சதாசிவத்தை நோக்கி ஓடாதீர்கள். வடக்கு வாசலில் வலது கைப்பக்கம் நடராஜர், இடது கைப்பக்கம் யோகத்தில் அமர்ந்த சிவன். இந்த நடராஜருக்கு எட்டுக் கை, பெரும்பாலும் உடைந்தவை, கால்களும் இல்லை. சோழர் செம்பில் பார்த்த தூக்கிய திருவடியை இங்கே தேட வேண்டாம். அந்த வடிவம் நிலைபெற இன்னும் சில நூற்றாண்டுகள் இருந்தன. இந்தக் குகை ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கல்வெட்டு எதுவும் இல்லாததால் யார் குடைந்தது என்பதில் சண்டை உண்டு. கலசூரி வம்ச மன்னர் கிருஷ்ணராஜன் காலக் காசுகள் தீவில் கிடைத்ததை வைத்து கலசூரிகள் காலம் என்பதே பலரின் முடிவு.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம் எதுவும் பிடிபடாது. அந்த நேரத்தை லிங்கம் உள்ள கருவறையைச் சுற்றிச் செலவிடலாம். நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு இரண்டு துவாரபாலகர்கள். கண் பழகிய பிறகு தெற்குச் சுவருக்கு வாருங்கள். சுமார் 20 அடி உயர சதாசிவம் வடக்கு பார்த்து அமைந்திருக்கிறது. இந்த மாதத்தில் நேர் வெயில் அதன்மேல் விழ வாய்ப்பே இல்லை. முற்றத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் கீழிருந்து மேலாக முகத்தில் ஏறுகிறது. உதட்டுக்குக் கீழுள்ள குழிவு, மூடிய இமையின் வளைவு இரண்டும் அந்த வெளிச்சத்துக்காகவே செதுக்கியதுபோல் துலங்கும். இங்கே ஃபிளாஷ் அடித்தால் அத்தனையும் தட்டையாகிவிடும்.

பார்ப்பவருக்கு இடப்பக்க முகம் அகோரம்: மீசை, புருவ நெரிப்பு, பாம்பு. வலப்பக்க முகம் வாமதேவம், பெண்மை கலந்தது, கையில் தாமரை. நடுவில் தத்புருஷம். சதாசிவத்துக்கு ஐந்து முகம், மீதியுள்ள பின்முகமும் மேல்முகமும் கல்லுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு இடப்பக்கம் அர்த்தநாரி, வலப்பக்கம் கங்காதரர். திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த கங்காதரரைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய நேரம் நிற்பார்கள். திருச்சியில் சிவன் ஒற்றைச் சடையை விரித்துக் கங்கையை ஏற்கிறார், காட்சி முழுவதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கரபுரியில் சிவனுக்கு மேலே கங்கை மூன்று தலைகளோடு இறங்குகிறாள். பக்கத்தில் பார்வதி உடலை லேசாக விலக்கி நிற்கிறாள். அந்த விலகலில் ஒரு வீட்டுச் சண்டையே இருக்கிறது. இது திருச்சியைவிட அரை நூற்றாண்டு மூத்தது. எனக்குக் குகையிலேயே உயர்ந்த வேலைப்பாடு இதுதான், சதாசிவத்துக்கும் மேலாக.

கல்யாணசுந்தரர் பலகையும் பக்கத்தில்தான். கைலாயத்தை ராவணன் தூக்குவதும் அந்தகாசுர வதமும் பக்கச் சுவர்களில். உடைவுகளுக்குப் போர்த்துகீசியச் சிப்பாய்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்ததே காரணம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். பசால்ட் பாறையின் விரிசல்களில் மழைநீர் இறங்குவதும் தொடர்ந்து அரிக்கும் காரணம். தூண்களின் அடியில் பச்சைக் கறை ஏறியிருப்பதைக் கவனித்தால் தெரியும். மற்ற குகைகளைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், பெரும்பாலும் வெறுங்கூடங்கள்.

திரும்பும் படகு நிரம்பினால்தான் கிளம்பும். நாற்பது நிமிடம் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது. தொப்பியும் உப்பு எலுமிச்சைத் தண்ணீரும் அவசியம். இரவு மாட்டுங்காவில் ரசவடை. சூடான ரசத்தில் ஊறி, விளிம்பு மட்டும் மொறுமொறுப்பு விடாமல் இருந்தது.

நவம்பர் 22, சனி – மியூசியம் மேல்மாடி

தீவுக்குப் போன மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மேல்மாடிக்கு ஏற்ற நாள் இதுதான், மெதுவாக நகர்ந்தால் போதும்.

சனிக்கிழமை கூட்டம் முழுவதும் கீழே விலங்கு காலரியில் நிற்கிறது. சீனா, ஜப்பான் பொருட்கள் இருக்கும் இடத்தில் அவ்வளவாக ஆள் இல்லை. இவை எப்படி பம்பாய்க்கு வந்தன என்ற கேள்விக்குப் பதில் துறைமுகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து பருத்தியும் அபினும் சீனாவுக்குப் போயின. பார்சி வியாபாரிகள் அந்த வழியில் செழித்தவர்கள். ஜம்ஷெட்ஜி டாடாவின் மகன்கள் இருவரும் ஆசிய, ஐரோப்பியக் கலைப்பொருட்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இளையவர் ரத்தன் டாடாவின் சேகரம் 1920-களின் தொடக்கத்திலும், மூத்தவர் தோராப்ஜியின் சேகரம் 1933-இலும் மியூசியத்துக்கு வந்தன. அந்த ரத்தன் டாடா 1918-இல் காலமானவர். 2024-இல் மறைந்தவர் வேறு.

ஜப்பானிய எனாமல் சாடிகளை ஒரு சாணளவு தூரத்தில் பார்க்க வேண்டும். செம்புப் பாத்திரத்தின் மேல் முடி போன்ற மெல்லிய உலோகக் கம்பியை வளைத்து ஒட்டி, பூவிதழுக்கும் இலைக்கும் வரப்புக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வரப்புக்குள்ளும் நிறக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் வைத்தால் பொடி உருகி அமிழும். மீண்டும் நிரப்பி மீண்டும் சுட வேண்டும், கம்பி மட்டத்துக்கு ஏறும் வரை. கடைசியில் கல்லால் தேய்த்து மெருகிடுகிறார்கள். ஏதாவது ஒரு சூட்டில் குமிழி வெடித்தால் அந்த இடத்தில் ஊசிமுனைக் குழி விழும். நல்ல சாடியில் அந்தக் குழியைத் தேடினாலும் கிடைக்காது.

சீன மூக்குப்பொடிக் குப்பிகளில் சிலவற்றின் ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும். வாய் பென்சில் கனம்தான். முதலில் மணலோ எமரிப் பொடியோ உள்ளே போட்டுக் குலுக்கி, வண்ணம் பிடிக்கும்படி உட்சுவரைச் சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு நுனி வளைந்த தூரிகையை நுழைத்து வரைகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பதால் வரிசை தலைகீழ்: கண்ணின் மணியை முதலில் வைத்து, முகத்தைப் பிறகு பூச வேண்டும். ஜேடு கல்லோ கத்திக்கு இடம் கொடுக்காது. கடினமான மணலைக் கொண்டு அரைத்து அரைத்துத்தான் உருவத்தைக் கொண்டுவர வேண்டும். ஜேடு கிண்ணத்தின் விளிம்பு அத்தனை மெல்லியதாக இருப்பதைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் மாதங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

நேபாள, திபெத்தியச் சேகரத்தின் துணி ஓவியங்களும் சிற்றோவியக் காலரியும் இருட்டாக இருப்பதாகப் பலர் முகம் சுளிக்கிறார்கள். சாயம் வெளுக்காமல் இருக்கத்தான் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டே நுழைந்தால் கண் பழகாது. போனைப் பையில் போட்டுவிட்டுச் சற்று நின்றால் தங்கக் கோடு தானாக எழுந்து வரும். முதுகு வளைந்த ஒரு பாட்டிக்கு, காவலுக்கு இருந்த பெண் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் போட்டுக் கொடுத்தார். கேட்காமலே செய்தார்.

இறங்கும்போது கீழ்த்தள மகிஷாசுரமர்த்தினியை மறுபடி பார்க்காமல் போகக் கூடாது. தீவின் அளவு கண்ணில் இருக்கும்போது, இல்லாத தலையும் கைகளும் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று மனம் தானே நிரப்பிக்கொள்ளும். வியாழனன்று இது முடியாது.

வாசலுக்கு வெளியே வடாபாவ் 25 ரூபாய். உலர்ந்த பூண்டுச் சட்னி அதிகம் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் 23, ஞாயிறு – பைகுல்லா, பரேல்

ஞாயிறு லோக்கலை நம்ப வேண்டாம். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில தடங்களை நிறுத்துவார்கள், ‘மெகா பிளாக்’ என்று முந்தைய நாளே அறிவிப்பு வரும். டாக்ஸியில் மாட்டுங்காவிலிருந்து ராணி பாக் 120 ரூபாய்க்கு அருகில் ஆகும். ஓட்டுநர் தாராவிக்காரர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் திரும்பினார்.

“பெங்குவின் பாக்கவா அண்ணாச்சி?”

“இல்ல, கல் யானை.”

“அது தோட்டத்துலயே நிக்கும்லா. பெங்குவினுக்குத்தான் வரிசை. யானைகிட்ட ஒருத்தரும் நிக்க மாட்டாவ.”

அவர் சொன்னது சரி. பாவு தாஜி லாட் மியூசியத்தை ஒட்டிய தோட்டத்தில் நிற்கிறது யானை, பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். போர்த்துகீசியர் கரபுரியில் இறங்கியபோது பார்த்து, தீவுக்குப் பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான். 1814-இல் தலையும் கழுத்தும் விழுந்தன. 1864-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது சங்கிலி தாங்காமல் விழுந்து நொறுங்கியது. துண்டுகள் இந்தத் தோட்டத்துக்கு வந்தன, 1914-இல் ஒட்டி நிறுத்தினார்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஒட்டுகள் தெளிவாகத் தெரியும். பழைய கல்லின் மேல் மழை அரித்த சொரசொரப்பு, ஒட்டிய இடத்தில் வழவழப்பு. குகையின் தேர்ந்த வேலையோடு ஒப்பிட்டால் இது முரட்டு வேலை. ஆனால் கடலிலிருந்து வருபவன் தூரத்திலேயே அடையாளம் காண வேண்டிய உருவத்துக்கு அந்தப் பருமன்தான் பொருந்தும்.

பரேலுக்கு இங்கிருந்து டாக்ஸியில் பத்துப் பதினைந்து நிமிடம். பாராதேவி கோயில் என்று கேட்க வேண்டும். ‘பரேல் சிவன்’ என்றால் தெருவில் யாருக்கும் தெரிவதில்லை. பூஜையில் இருக்கும் மூர்த்தி. செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு, படம் எடுக்கலாமா என்று கேட்ட பிறகே போனை எடுங்கள். 1931-இல் சாலை போடத் தோண்டியபோது கிடைத்தது. பத்தடிக்கு மேல் உயரம், வெளிர் நிறக் கல். ஒரு சிவன் நேராக நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் எழுகிறார், அவருக்கும் மேல் பல கைகளோடு மூன்றாமவர். இந்த நடு வரிசையின் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர் வெளிப்பக்கம் சாய்ந்து கிளைக்கிறார்கள். ஆக ஏழு. கீழே பூதகணங்கள் வாத்தியம் வாசிக்கின்றன.

இதன் பிளாஸ்டர் வார்ப்பு காலா கோடா மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே திகைக்காமல் பார்க்கலாம். பூவும் மாலையும் சாத்தியிருக்கும்போது கீழ்ப்பகுதியில் கணங்களின் கைகள் மறைந்துவிடும், யார் எந்த வாத்தியம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வார்ப்புதான் உதவும். அசல் தருவது வேறு. மேல் உருவங்கள் கீழ் உருவத்தின் உடலிலிருந்து எழும் இடத்தில் சிற்பி ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறான். முன்னவர் கல்லை விட்டு வெளியே வந்துவிட்டார், பின்னவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். வார்ப்பின் சீரான வெள்ளையில் இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. கதவோரம், இடது பக்கம் நின்று பார்த்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது.

உச்சிப் பூஜை நேரத்தில் போனால் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. காலை பத்து மணிக்குள் பரேலை முடித்துவிட்டு யானைக்கு வருவது இன்னும் நல்லது. ராணி பாக் நாள் முழுவதும் திறந்திருக்கும்.